மீன்முள் குத்தின காயமா? டொக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்

ஆறாத காயத்தோடு டொக்டரிடம் போனால், "நண்டு கடித்தது", "மீன்முள் குத்தினது", "கடல் தண்ணி பட்டது" என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கடல் கிருமிகள் சிலவற்றுக்கு வழமையான காய மருந்துகள் கேட்காது. மைக்கோபக்டீரியம் மரைனம் என்ற கிருமி, குத்திச் சில கிழமைகள் கழித்துத்தான் விரலில் கட்டியாக எழும்பும்; அதற்குள் முள் குத்தினதே மறந்துவிடும். அது 30 பாகை செல்சியஸ் அளவில்தான் நன்றாக வளரும். காயத்தில் எடுத்த மாதிரியை வழக்கமான 37 பாகையில் வைத்துப் பார்த்தால் பிடிபடாமல் போகலாம், ஆகவே ஆய்வுகூடத்துக்கும் விசயம் தெரியவேண்டும். யாழ்ப்பாணத்தில் பாசையூர், குருநகர்ப் பக்கம் மீனோடும் நண்டோடும் வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வீட்டில் மீன்தொட்டி கழுவுகிறவர்களுக்கும் இதே கிருமி தொற்றலாம்.

குத்தின உடனே சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணியில் கழுவி, காயம் ஆறி, பிறகும் ஒன்றும் எழும்பாவிட்டால் டொக்டரே தேவையில்லை. ஆனால் சில மணித்தியாலங்களிலேயே சிவப்புப் பரவி, கொப்புளம், காய்ச்சல், கடும் நோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அது விப்ரியோ வல்னிபிக்கஸ் என்ற இன்னொரு கடல் கிருமியாக இருக்கலாம். அரிதுதான், என்றாலும் ஈரல் வருத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கு உயிராபத்து.