பணம் கட்டும் முன் இன்ஸ்ட்ரக்டரோடு பேசுங்கள்

போன மாதம் ஒருநாள் விடியற்காலை நாலரை மணி. ஏணியில் ஏறி விமானத்தின் இறக்கை டேங்க்கில் பெட்ரோல் அளந்துகொண்டிருந்தபோது கரூரிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான்.

"அத்தை, அமெரிக்காவுல பைலட் படிப்புக்கு ஏஜென்ட் 55 லட்சம் கேக்கறாருங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசாக் கட்டினா ரெண்டு லட்சம் குறைப்பாங்களாம். அப்பா நெலத்துப் பத்திரத்தை எடுத்துட்டுப் போயி பேங்க்ல பேசிட்டாரு. கட்டிரட்டுங்களா?"

"உனக்கு யாருடா சொல்லித் தரப் போறாங்க?" என்று கேட்டேன். பள்ளியின் பெயரைச் சொன்னான். "கட்டடம் சொல்லித் தராது கண்ணு. ஆள் யாரு?" அது அவனுக்குத் தெரியவில்லை. ஏஜென்ட்டைக் கேட்டான், அவருக்கும் தெரியவில்லை.

அவனுக்கு அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் அரிசோனாவில், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். 31 வயதில் பறக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கி, ஆறு வருடமாக இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அமெரிக்கா. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போகிறவர்களும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம், ஆனால் அங்கே சட்டங்கள் வேறு.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். இங்கே இன்ஸ்ட்ரக்டர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஏர்லைனுக்குப் போகிற வழியில் சொல்லித் தருகிறவர்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பின் வந்த சட்டத்தால், 2013 முதல் ஏர்லைனில் கோ-பைலட்டாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவத்திலிருந்து வருகிறவர்களுக்கும் சில கல்லூரிப் படிப்புகளுக்கும் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு. 250 மணியில் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிய பிள்ளை மீதி மணிகளுக்கு எங்கே போகும்? மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் சேர்க்கும். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் இன்ஸ்ட்ரக்டருக்கு இன்று 1,350 மணி ஆகியிருந்தால், உங்கள் படிப்பு பாதியில் இருக்கும்போது அவர் கிளம்பிவிடுவார்.

எனக்கு அதுதான் நடந்தது. நான் முதலில் சேர்ந்த பள்ளியில், முதல் கட்டமான பிரைவேட் லைசென்ஸ் வாங்குவதற்குள் நான்கு இன்ஸ்ட்ரக்டர்கள் மாறினார்கள். புதிதாக வருகிறவர் என்னை நம்பித் தனியே அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்: ஸ்டால் (இறக்கை தாங்கும் சக்தியை இழப்பது), ஸ்லோ ஃப்ளைட் (மிக மெதுவாகப் பறப்பது), எஞ்சின் நின்றால் என்ன செய்வாய். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் போகும், அத்தனைக்கும் காசு நான்தான் கட்டினேன். இறங்கும்போது மூக்கைத் தூக்கும் அந்தக் கடைசி நொடிகளை ஒருவர் ஒரு மாதிரி சொல்லித் தருவார், அடுத்தவர் வேறு மாதிரி. ஒரு மாதம் என் கை யார் சொன்னதைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறியது.

அதனால் பள்ளியிடம் கேளுங்கள்: எனக்கு யார் வருவார்? அவருக்கு இப்போது எத்தனை மணி? அவர் போய்விட்டால் அடுத்து யார்? பிறகு அந்த ஆளோடு இருபது நிமிடம் வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுக்கிற பள்ளிக்கு நான் என் அண்ணன் மகனை அனுப்ப மாட்டேன்.

பேசும்போது, இரண்டு வருடத்தில் எத்தனை பேரை செக்ரைடுக்கு, அதாவது பறந்து காட்டும் தேர்வுக்கு, அனுப்பினீர்கள், முதல் தடவையே எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. எஃப்ஏஏ என்கிற அமெரிக்க விமானத் துறையே இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறது. 24 மாதத்தில் குறைந்தது பத்து பேரை அனுப்பி, அதில் 80 சதவீதம் பேர் முதல் தடவையே தேறினால் 'கோல்ட் சீல்' என்ற தகுதி கிடைக்கும். புதிய இன்ஸ்ட்ரக்டருக்குச் சொல்லக் கணக்கு இருக்காது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். எனக்கு அமைந்தவர்களில் மிகச் சிறந்தவருக்கு அப்போது 400 மணிகூட ஆகியிருக்கவில்லை. அவர் ஒவ்வொரு முறை இறங்கியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, "நீ என்ன கவனித்தாய், முதலில் நீ சொல்" என்பார். கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் அடுத்த மாணவரிடம் போவார்.

பக்கக் காற்று அடிக்கும்போது எப்படி இறங்குவது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் புரிகிறதா என்று நின்று பார்த்துச் சொல்கிறாரா, மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாரா? உங்களைப் பற்றி அவர் ஏதாவது கேட்கிறாரா? இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று எஃப்ஏஏ தளத்தில் பெயரைப் போட்டு யாரும் பார்க்கலாம்.

சேர்ந்த பிறகு பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் சிரமப்படுவது இந்த இடத்தில்தான். குருவை மாற்றுவது துரோகம் என்று நினைக்கிறார்கள். விமானத்துக்குள் கத்துகிற, கன்ட்ரோலை விட்டுக் கையையே எடுக்காத ஒருவரோடு 70 மணி வரை பறந்தும் சோலோ, அதாவது தனியாக, போகாமல் ஒரு பையன் என்னிடம் வந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சார் மனசு கஷ்டப்படுமேன்னு இருந்துட்டேங்க மேடம்" என்றான். என்னோடு பன்னிரண்டாவது மணியில் தனியாகப் பறந்தான். அவனிடம் ஒரு குறையும் இருக்கவில்லை. தலைமை இன்ஸ்ட்ரக்டரிடம் போய், "இவர் சொல்வது எனக்குப் பிடிபடவில்லை, வேறொருவரோடு இரண்டு பாடம் பறந்து பார்க்கிறேன்" என்றால் போதும். இங்கே யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

பள்ளியை மாற்றுவது அவ்வளவு சுலபம் அல்ல. பைலட் படிப்புக்குப் பெரும்பாலும் எம்-1 என்ற மாணவர் விசாதான் கிடைக்கும். அதில் வேறு பள்ளிக்கு மாற முதல் ஆறு மாதம்தான் வழி. அதற்குப் பிறகு, உங்கள் கையை மீறிய காரணம் இருந்தால் ஒழிய மாற முடியாது. விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தர அனுமதி உள்ள பள்ளிதானா என்பதை 'ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்' என்ற அரசுத் தளத்தில் முன்பே பாருங்கள். டிஎஸ்ஏ என்கிற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் சோதனை முடியாமல் எந்த இன்ஸ்ட்ரக்டரும் உங்களுக்குப் பாடம் தொடங்க முடியாது. கைரேகை கொடுக்க வேண்டும், அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

இனி, பறந்த மணிகளை எழுதி வைக்கும் லாக்புக். இந்தியாவுக்குத் திரும்பப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். டிஜிசிஏ என்கிற இந்திய விமானத் துறையின் கமர்ஷியல் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி, அதில் பிஐசியாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக, 100 மணி வேண்டும். 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு நெடும்பயணமும் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய பிறகு இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போதும், கன்ட்ரோல் உங்கள் கையில் இருந்தால் அந்த மணியைப் பிஐசி பத்தியிலும் எழுதலாம். இந்தியாவில் அது பாடம் கேட்ட மணி, அவ்வளவுதான். இரண்டு மாணவர்கள் சேர்ந்து பறந்து, ஒருவர் கண்ணை மறைத்துக் கருவிகளைப் பார்த்து ஓட்ட, மற்றவர் வெளியே பார்த்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக இருந்து, இருவருமே பிஐசி எழுதிக்கொள்ளும் பழக்கமும் இங்கே உண்டு. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். லாக்புக்கில் 130 பிஐசி என்று சந்தோஷமாக ஊருக்குப் போய், எண்ணிப் பார்த்தால் 80 கூடத் தேறாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் பேசுகிற இன்ஸ்ட்ரக்டருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்களே முதல் நாளிலிருந்து தனி நோட்டில் இந்தியக் கணக்கை எழுதி வாருங்கள்.

பணம். 55 லட்சம் என்றால் எத்தனை மணிக்கு? பிரைவேட் லைசென்ஸுக்குச் சட்டம் கேட்பது, பள்ளி எந்த விதியில் நடக்கிறது என்பதைப் பொறுத்து, 35 அல்லது 40 மணி. விலைப்பட்டியல் அந்தக் குறைந்தபட்சத்தை வைத்தே போடப்பட்டிருக்கும். என் மாணவர்களில் 55 மணிக்குள் முடித்தவர்கள் குறைவு. செக்ரைடு எடுக்கும் எக்ஸாமினருக்குத் தனிக் கட்டணம், தோற்றால் மறுபடி கட்டணம். அவரிடம் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம், அந்த வாரங்களுக்கும் நீங்கள் தங்கும் அறைக்கு வாடகை உண்டு. விமானக் கட்டணத்துக்கு, எஞ்சின் ஓடும் நேரத்தை ஹாப்ஸ் மீட்டர் பார்த்துக் கணக்கிடுவார்கள். பெட்ரோல் அந்தக் கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

முழுத் தொகையை முன்பணமாகக் கட்டவே கட்டாதீர்கள். எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி. 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் என்ற பெரிய ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி திடீரென மூடி, திவாலானது. கடன் வாங்கி முன்கூட்டியே கட்டிய மாணவர்களுக்குக் கடன் மட்டும் மிஞ்சியது. ஒரு மாதப் பயிற்சிக்குத் தேவையானதை மட்டும் பள்ளியிடம் உள்ள உங்கள் கணக்கில் கட்டி வையுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பள்ளியில் எத்தனை விமானம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்றைக்கு எத்தனை பறக்கிறது, எத்தனை பழுதுபார்க்க நிற்கிறது, மாணவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இன்ஸ்ட்ரக்டரோடு வாடகைக்குத் தரும் விமானத்தை ஒவ்வொரு 100 மணிக்கும் முழுதாகச் சோதித்தாக வேண்டும். சொந்த மெக்கானிக் இல்லாத பள்ளியில் அதற்கே நாட்கள் போய்விடும். இப்போது படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரின் எண்ணை வாங்கி, "போன வாரம் எத்தனை தடவை பறந்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

வானிலையைப் பற்றிக் கொஞ்சம். ஃப்ளோரிடாவில் கோடைக்காலத்தில் பிற்பகலில் இடி மழை கொட்டும், ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். எங்கள் ஊரில் வானம் தெளிவாக இருக்கும். அதனால்தான் 1941லேயே பிரிட்டிஷ் விமானப் படைக்கான பயிற்சிப் பள்ளி ஃபீனிக்ஸ் பக்கத்திலுள்ள மேசாவின் ஃபால்கன் ஃபீல்டு விமான நிலையத்துக்கு வந்தது. ஆனால் வெயில்! 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையவில்லை. ஃபால்கன் ஃபீல்டு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,400 அடிதான், ஆனால் அந்தச் சூட்டில் 5,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் விமானம் நடந்துகொள்ளும். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம் முக்கி முனகி ஏறும். அதனால்தான் நாலரை மணிக்கே பெட்ரோல் அளக்கிறோம். இன்னொரு குறை, இங்கே மேகத்துக்குள் பறக்க வாய்ப்பு அபூர்வம். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியின்போது கடற்கரைப் பக்கம் கூட்டிப் போகச் சொல்லிக் கேளுங்கள். கலிஃபோர்னியாக் கரையில் ஜூன் மாதக் காலைகளில் தாழ்ந்த மேகம் மூடியிருக்கும். முதன்முதலாக வெள்ளைக்குள் நுழையும்போது பக்கத்தில் நல்ல ஆள் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்தியாவிலேயே டிஜிசிஏ மெடிக்கல் எடுத்துவிடுங்கள், கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. கண்ணிலோ காதிலோ ஏதாவது இருந்தால் நிலத்தை அடகு வைப்பதற்கு முன் தெரியட்டும். நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் தாள்களை எழுதி முடித்துவிட்டு வந்தால் இங்கே பறப்பது மட்டும்தான் வேலை.

அண்ணன் மகன் அந்த வெள்ளிக்கிழமை பணம் கட்டவில்லை. நான் சொன்னபடி பள்ளிக்கு நேரடியாக எழுதினான். பத்து நாள் கழித்து ஒரு பெண் இன்ஸ்ட்ரக்டர் அவனோடு வீடியோவில் பேசினார். தனக்கு 600 மணிதான் ஆகிறது, நீ வந்தால் முடியும்வரை இருப்பேன் என்றாராம். "பக்கக் காத்தப் பத்திக் கேட்டேனுங்க அத்தை, கையிலயே ஒரு பேனாவ எறக்கி எறக்கிக் காட்டினாங்க" என்றான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு மெடிக்கல். பத்திரம் இன்னும் வீட்டுப் பீரோவில்தான் இருக்கிறது.