ரங்கூன்ல நடந்து போறவங்க நம்ம தெருவ நாமளே அளந்து பாக்குறது எப்படி

போன வருஷம் ஒரு காலைல எங்கம்மா கோயிலுக்குப் போயிட்டு அனோரத்தா ரோடு ஓரமா நடந்து வந்துட்டு இருந்தாங்க, பிளாட்பாரத்துல ஜெனரேட்டரும் டீக்கடை ஸ்டூலும் கிடந்ததால ரோட்ல இறங்கி நடந்திருக்காங்க, பின்னாடி வந்த கார் ஒண்ணு சைடு கண்ணாடியால கைல இடிச்சுட்டு நிக்காம போயிருச்சு. ரெண்டு கண்ணாடி வளையல் உடைஞ்சு மணிக்கட்டு கிழிஞ்சு, ரத்தம் சொட்டச் சொட்ட உடைஞ்ச துண்ட முந்தானைல முடிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. வந்ததும் எல்லாரும் கேட்ட மொதக் கேள்வி "நீங்க ஏன் ரோட்ல இறங்குனீங்க?" எனக்கு அது தாங்கவே இல்ல. அவங்க நடக்க வேற எடம் எங்க இருந்துச்சு?

அந்த ஞாயித்துக்கிழமையே டெய்லர் கடை இஞ்ச் டேப்ப எடுத்துட்டுப் போய் அந்த எடத்த அளந்தேன். பிளாட்பாரம் மொத்தம் ஏழடி, ஆள் நடக்க மிச்சம் இருந்தது ஒண்ணேகால் அடி. அம்மாவோட பை ஒண்ணே அதவிட அகலம். அதுல இருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் அளக்குறது பழக்கமாயிருச்சு, அத எப்படி செய்றதுன்னு தான் எழுதுறேன், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் போதும்.

அளக்கப் போறதுக்கு முன்னாடி நம்ம ஊரு ரோடு எப்படி இப்படி ஆச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க. டவுன் நடுவுல இருக்குற கட்டம் கட்டமான தெருவெல்லாம் 1850கள்ல வெள்ளைக்காரன் போட்ட பிளான், மான்ட்கோமரி, ஃப்ரேசர்னு ரெண்டு பேர் போட்டது, அப்ப காரே கிடையாது, அதனால தான் கோயில், மார்க்கெட், டீக்கடை, பள்ளிவாசல் எல்லாமே நடந்து போற தூரத்துல இருக்கு. 1988க்கு அப்புறம் தகோன், லைங்தாயா பக்கம் புது டவுன்ஷிப் வந்துச்சு, ஜனங்க அங்க போனாங்க, வேலை மட்டும் டவுன்லயே இருந்துருச்சு. 2003ல இருந்து ரங்கூன்ல மோட்டார் சைக்கிளுக்குத் தடை, பல மெயின் ரோட்ல சைக்கிளும் ஓட்டக்கூடாது. 2011ல பழைய கார குடுத்துட்டு இறக்குமதி பர்மிட் வாங்குற திட்டம் வந்து, கார் குமிஞ்சிருச்சு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா கார் வாங்க முடியாதவங்களுக்கு பஸ்ஸும் காலும் தான் மிச்சம், ஆனா எடத்த மட்டும் கார் எடுத்துக்கிச்சு. ஒருத்தர் கார் வாங்குறது தப்புன்னு நான் சொல்லல. வேற வழியில போறவங்களுக்கு வழியே வைக்காம ரோடு போடுறது தான் தப்பு.

சரி, டேப், போன்ல ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, குடை, இவ்வளவு எடுத்துக்கங்க. தனியா போகாதீங்க, வீட்ல இருக்குற அப்பத்தாவையோ தாத்தாவையோ முடிஞ்சா ஒரு சின்னப் புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க, ஏன்னா நம்ம தாண்டிப் போற சாக்கடை மூடிய அவங்க தாண்ட மாட்டாங்க, அங்க தான் விஷயமே தெரியும். போட்டோ எடுத்தா தரையையும் டேப்பையும் மட்டும் எடுங்க, ஆளுங்க மொகம், ஆபீஸ் கட்டடம், காவல் இருக்குற எடம் எதுவும் வேணாம், நம்ம ஊர் நிலைமை உங்களுக்கே தெரியும்.

மொதல்ல பிளாட்பாரம். (பர்மாக்காரங்களும் இதே சொல்லத்தான் பலெஃபௌங்னு சொல்றாங்க.) அகலமான எடத்த அளந்து சந்தோஷப்படாதீங்க, ரொம்ப நெருக்கமா இருக்குற எடத்த அளங்க. சக்கர நாற்காலி போக ஏறக்குறைய மூணடி வேணும், எதிரெதிரா வர்ற ரெண்டு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காம போக அஞ்சடி வேணும். மூணடிக்குக் கீழ இருந்தா நோட்டுல எழுதுங்க, அங்க எதனால குறைஞ்சுச்சுன்னும் எழுதுங்க: ஜெனரேட்டர், பிளாட்பாரத்துல ஏத்தி நிறுத்துன கார், உடைஞ்ச சிலாப், மரம். பாக்கப் போனா கடைக்காரங்க மேல தான் எல்லாரும் பழி போடுவாங்க, ஆனா கரண்ட் இல்லாத ஊர்ல ஜெனரேட்டர எங்க தான் வைப்பாங்க, பிளாட்பாரத்துக்குப் பக்கத்துலயே ஒரு கார் நாள் பூரா சும்மா நிக்க எடம் இருக்கு பாருங்க, அந்த எடத்தையும் அளங்க. நான் அளந்தப்ப ஒரு கார் நின்ன எடத்துல மூணு டீக்கடை மேசை போடலாம்.

அடுத்து ரோட கடக்குறது, இதுல நிதானமா நேரம் எடுங்க. ரோடு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரை எத்தன மீட்டர்னு பாருங்க, டேப் பத்தாது, உங்க ஒரு எட்டு எவ்வளவு நீளம்னு வீட்லயே அளந்துட்டு வந்து எட்ட எண்ணிக்கலாம். நல்லா நடக்குறவங்க ஒரு செகண்டுக்கு 1.2 மீட்டர் நடப்பாங்க, வயசானவங்க 0.8 தான். 20 மீட்டர் ரோடுன்னா நமக்கு 17 செகண்டு, அப்பத்தாவுக்கு 25 செகண்டு. இப்ப சிக்னல் எத்தன செகண்டு தருதுன்னு ஸ்டாப்வாட்ச்ல பாருங்க. நான் பாத்த ஒரு எடத்துல 15 செகண்டு, அதாவது அப்பத்தா நடு ரோட்ல இருக்குறப்பவே வண்டி கிளம்பிரும். இத அவங்க மெதுவா நடக்குறதா சொல்லக்கூடாது, சிக்னல் அவங்கள கணக்குலயே எடுக்கல.

வேகம் அளக்குறது ரொம்ப சுலபம். ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவுல 50 மீட்டர் வர்ற மாதிரி குறிச்சுக்கிட்டு, வண்டி மொதக் கம்பத்தத் தாண்டுறப்ப ஸ்டாப்வாட்ச அமுக்குங்க, ரெண்டாவதத் தாண்டுறப்ப நிறுத்துங்க. 6 செகண்டுல தாண்டுனா 30 கிலோமீட்டர் வேகம், 3.6 செகண்டுன்னா 50, 3 செகண்டுன்னா 60. ஒரு இருபது வண்டி பாத்தா போதும். இதுல என்னா பயம்னா, 30ல வர்ற டிரைவர் உங்களப் பாத்து பிரேக் அடிச்சு நிக்க காஞ்ச ரோட்ல ஏறக்குறைய 13 மீட்டர் ஆகும், 50ல வந்தா 28 மீட்டர், மழைல இன்னும் கூட. வேகம் ரெண்டு மடங்கானா இடிக்குற சக்தி நாலு மடங்கு. அதனால தான் ஜனங்களும் வண்டியும் கலந்து போற தெருவுல 30க்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கடைசியா கால் மணி நேரம் உக்காந்து எண்ணுங்க. காரை எண்ணாதீங்க, தலைய எண்ணுங்க. கார்ல எத்தன பேர், பஸ்ல எத்தன பேர், நடந்து எத்தன பேர், சைக்கால (பக்கத்துல சீட்டு வச்ச மிதி ரிக்‌ஷா) எத்தன பேர். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கம் போட்ட கணக்குல ஒரு லேன்ல கார் மட்டும் போனா ஒரு மணி நேரத்துக்கு 600ல இருந்து 1,600 பேர் வரை தான் போக முடியும், அதே லேன பஸ்ஸுக்குன்னு ஒதுக்குனா 4,000ல இருந்து 8,000 பேர், அதே அகலத்துல பிளாட்பாரம் இருந்தா 9,000 பேர் வரை நடக்கலாம். மேம்பாலம் கட்டுனா டிராஃபிக் போயிரும்னு சொன்னாங்க, லேடான்ல 2013ல பாலம் வந்துச்சு, இன்னைக்கும் சாயங்காலம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. நடக்குறவங்களுக்கு லூகூ தடா, அதாவது ரோட்டுக்கு மேல ஏறிக் கடக்குற நடைபாலம், கட்டிக் குடுத்தாச்சேன்னு சொல்லுவாங்க, முட்டி வலியோட அந்தப் படிக்கட்டு ஏறி இறங்குறது யாரு, கார் மட்டும் நேரா போகுது.

அளந்து வச்சுட்டு நாளைக்கே ரோட்ல போகணுமே, அதுக்கு நம்ம ஊருக்குன்னே மூணு விஷயம் சொல்றேன், புள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வைங்க.

நம்ம நாட்டுல 1970 டிசம்பர்ல ஒரே நாள்ல இடதுபக்கம் போன வண்டிய வலதுபக்கம் மாத்துனாங்க, ஆனா ஓடுற கார்ல முக்காவாசி இன்னமும் ஜப்பான் கார், ஸ்டீரிங்கும் வலதுபக்கமே இருக்கு. அதனால ரோட கடக்குறப்ப மொதல்ல இடதுபக்கம் பாருங்க, மெட்ராஸ்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க பழக்கத்துல வலதுபக்கம் பாத்துட்டு இறங்கிருவாங்க, அவங்க கைய விடாதீங்க. ரெண்டாவது, நிக்குற பஸ்ஸுக்கு முன்னாடி கடக்கவே கடக்காதீங்க. பின்னாடி வர்ற கார் பஸ்ஸ இடதுபக்கமா ஏறிப் போகும், ஆனா டிரைவர் ஓரத்துப் பக்கம் உக்காந்திருக்காரு, பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒண்ணுமே தெரியாது, பாதி வண்டி வெளிய வந்த பிறகு தான் உங்களப் பாப்பாரு. பஸ் கிளம்பிப் போற வரை நில்லுங்க. மூணாவது டாக்ஸி. எறங்குறப்ப வலதுபக்கக் கதவு தான் ஓரம். இடதுபக்கம் எறங்கியே ஆகணும்னா கதவ இடது கையால திறக்காம வலது கையால திறங்க, ஒடம்பு தானா திரும்பி பின்னாடி வர்ற வண்டி கண்ணுல படும்.

தூரமா போறதுக்கு சுத்து ரயில மறக்காதீங்க. கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன், முழுசா சுத்த மூணு மணி நேரம் ஆகுதுன்னு எல்லாரும் சலிச்சுக்குவாங்க, ஆனா நமக்கு முழு சுத்து வேணாமே, இன்செயின் பக்கம் இருந்து டவுனுக்கு வர்றதுக்கு நல்ல வழி. பஸ்ஸும் 2017 ஜனவரில வைபிஎஸ்ங்குற புது பஸ் ஏற்பாடு வந்ததுல இருந்து பழைய மாதிரி ஆளப் பிடிக்க ரேஸ் ஓட்டுறது கொறைஞ்சிருக்கு. எந்த ஸ்டாப்புல எறங்குனா ரோட கடக்காம வீட்டுக்குப் போகலாம்னு பாத்து வச்சுக்கங்க, ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் நடந்து வந்தாலும் பரவால்ல.

அந்த நோட்ட என்ன செய்றதுன்னா, மொதல்ல கடைக்காரங்ககிட்ட போங்க, சண்டைக்குப் போகாதீங்க. நான் அந்த ஜெனரேட்டர் கடை அண்ணன்கிட்ட டேப்ப விரிச்சுக் காட்டி "அண்ணே, எங்கம்மா இந்த வழியாத்தான் வராங்க, ரெண்டடி உள்ள தள்ளி வைங்கண்ணே"ன்னு கேட்டேன். அவர் டேப்பையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "இவ்வளவு தான் வழி இருந்துச்சாம்மா"ன்னாரு, மறுநாள் பையன்கள வச்சு தள்ளிட்டாரு. அப்புறம் கோயில் கமிட்டிகிட்ட பேசுங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்ட நேரத்துல வாசலுக்கு முன்னாடி கார் நிறுத்தாம கயிறு கட்ட அவங்களால முடியும், ரெண்டு தொண்டர் நின்னா வயசானவங்கள கடத்தியும் விடலாம். இதெல்லாம் பெரிய ஊர்ல நடக்காதுன்னு யாராவது சொன்னா மெட்ராஸ் பாண்டி பஜார சொல்லுங்க, அவ்வளவு கூட்டமான தி.நகர் கடைத்தெருவுலயே பிளாட்பாரத்த அகலப்படுத்தி 2019ல திறந்தாங்க.

எழுதுன நோட்ட பத்திரமா வைங்க. மழைக்காலத்துல தண்ணி அரிச்சு சாக்கடை சிலாப் நகந்துரும், அதனால அக்டோபர்ல மழை நின்னதும் அதே எடங்கள திரும்பவும் அளங்க, போன தடவ எழுதுனதுக்குப் பக்கத்துலயே எழுதுங்க. எங்க தெருவுல அந்த ஒண்ணேகால் அடி இப்ப மூணேகால் அடி. அம்மா அந்தப் பக்கமே தான் போறாங்க, பைய கைல தொங்கவிட்டுக்கிட்டு.