ஏ2-வோடு நிறுத்திவிடாதீர்கள்: இத்தாலிக்குப் படிக்க வருபவர்களுக்கு

நான் வந்த முதல் குளிர்காலம், ஜனவரி மாதம். வீட்டில் வெந்நீர் வரவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பாய்லரைத் திறந்து, இரண்டு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஸரா லா போம்பா" என்றார். அப்போது நான் ஏ2 முடித்திருந்தேன், அதாவது ஏ1-இல் தொடங்கி சி2 வரை போகும் ஆறு மொழி நிலைகளில் இரண்டாவதை. 'ஸரா' எதிர்கால வினை என்று தெரியும், 'போம்பா' என்றால் பம்ப் என்றும் தெரியும். ஆனாலும் அவர் என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. புது பம்ப் ஏதோ வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிலையான பி1 வகுப்பில் சேர்ந்த பிறகுதான் விளங்கியது. "பம்பாத்தான் இருக்கும்" என்றிருக்கிறார். நம் ஊர் மெக்கானிக் சொல்வதேதான், அதே எதிர்கால வினையில்.

ஆங்கில வழி முதுகலைக்கு வருகிறவர்கள் ஏ1, ஏ2 முடித்துக் காய்கறி வாங்கவும் பஸ் டிக்கெட் எடுக்கவும் பழகியதும் மொழியை விட்டுவிடுகிறார்கள். ஏ2-வில் கேள்வி கேட்க வரும். எதிரே இருப்பவர் சொல்லும் பதில் பி1-இல்தான் புரியத் தொடங்கும். வேலைப் பயிற்சிக்கான நேர்காணல், வீட்டு உரிமையாளரின் போன், வகுப்புத் தோழர்களின் அரட்டை எல்லாமே அந்தப் பதிலில்தான் இருக்கின்றன.

சேரும் வழி எளிது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் சி.எல்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மொழி மையம் இருக்கிறது. பல இடங்களில் அங்கே படிக்கும் மாணவர்களுக்கு வகுப்பு இலவசம், அல்லது கட்டணம் குறைவு. முதலில் நிலை அறியும் தேர்வு வைப்பார்கள். மாணவர் எண் கைக்கு வந்த அன்றே இதற்குப் பதிவு செய்துவிடுங்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். நாட்டுக்குள் வந்த எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது தங்கும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கும் அலைச்சலில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மொழிப் பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்டை உங்கள் பட்டத்தில் சேர்ப்பார்களா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். இங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மொழியை மட்டுமே சில மாதம் முழுமூச்சாகப் படிக்க நினைப்பவர்களுக்கு பெருஜாவிலும் சியெனாவிலும் வெளிநாட்டினருக்கென்றே பல்கலைக்கழகங்கள் உண்டு. பலெர்மோ பல்கலைக்கழகத்தில் 'இத்தாஸ்த்ரா' என்ற மொழிப் பள்ளி இருக்கிறது. ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது.

இனி முக்கியமான விஷயம். இடைநிலை இத்தாலியனை ஆங்கிலம் வழியாக மனதுக்குள் மொழிபெயர்த்துப் படிக்காதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள். 'மி ப்யாச்சே' என்பதை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ளப் போனால் தலை சுற்றும். தமிழில் அது 'எனக்குப் பிடிக்கும்', அவ்வளவுதான். பிடித்த பொருள்தான் எழுவாய். அதனால் புத்தகங்கள் என்றால் 'மி ப்யாச்சொனோ' என்று வினை பன்மையாகும். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அதே அச்சில் 'மி ஃபா மாலே லா தெஸ்தா'. பசி மட்டும் மாறும். எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்ல, அவர்கள் என்னிடம் பசி இருக்கிறது என்பார்கள்.

பி1-இல் எல்லாரும் தடுமாறுவது இரண்டு இறந்த காலங்களில். "சின்ன வயசுல தினமும் ஆத்துக்குப் போவோம்" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் 'போவோம்'தான் இம்பெர்ஃபெத்தோ. "நேத்து ஆத்துக்குப் போனோம்" என்பது பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ. 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதும் இம்பெர்ஃபெத்தோவில் வரும். சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பெண்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தமிழில் 'போனேன்' இருபாலருக்கும் பொது. இத்தாலியனில் ஆண் 'அந்தாத்தோ', பெண் 'அந்தாத்தா'.

கொன்ஜுன்தீவோ என்ற வினை வடிவத்தின் பெயரைக் கேட்டே பயப்படுவார்கள். அதை நீங்கள் முதல் வாரமே காதில் வாங்கியிருப்பீர்கள். கவுன்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து "தீக்கா" என்கிறாரே, 'சொல்லுங்க' என்று, அது கொன்ஜுன்தீவோ. 'ஃபிர்மி குய்' என்றால் இங்கே கையெழுத்துப் போடுங்கள், அதுவும் அதேதான். மரியாதையாக ஏவும்போது வரும் வடிவம் இது. நீ, நீங்கள் வேறுபாடு நம் ரத்தத்தில் ஊறியது. மரியாதைக்குரியவரை அவர்கள் 'லேய்' என்பார்கள், அவள் என்ற அதே சொல், ஆண் பேராசிரியருக்கும். தெற்கே நாப்போலிப் பக்கம் வயதானவர்களிடம் 'வோய்' என்பதும் காதில் விழும். அது நம் 'நீங்கள்' மாதிரியே பன்மை.

தமிழ் நம்மைக் காலைவாரும் இடம் உச்சரிப்பு. எவ்வளவு என்பதற்கும் எப்போது என்பதற்கும் இத்தாலியனில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'குவாந்தோ'தான். முதலாவதில் 'பத்து' என்பதில் வரும் வன்மையான த, இரண்டாவதில் 'பந்து' என்பதில் வரும் மென்மையான த. மெல்லெழுத்துக்குப் பின்னால் வல்லெழுத்தை மென்மையாக்குவது நம் நாக்கின் இயல்பு. அதனால் விலை கேட்கப் போய் நேரம் கேட்டுவிடுவோம். என் பாய்லர் பம்பையும் நம் வாய்க்கு வந்தபடி சொன்னால் அது வெடிகுண்டு ஆகிவிடும். தாகம் (sete), ஏழு (sette) இரண்டுக்கும் இதே மாதிரிச் சிக்கல். தாகத்தில் ஒற்றைத் த, ஆனால் வன்மையானது, ஏழில் இரட்டை. இரட்டை நமக்குத் தானாக வரும், ஒற்றையைத்தான் பழக வேண்டும். ஆகவே குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இத்தாலிய எழுத்திலேயே எழுதி, வாய்விட்டுப் படியுங்கள்.

இத்தாலியப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வு நிறைய. மதிப்பெண் 30-க்கு, தேற 18 வேண்டும். வந்த மதிப்பெண் போதாது என்று பட்டால் அதை ஏற்காமல் மறுபடி எழுத வரும் மாணவர்களையும் பார்ப்பீர்கள். பெண் பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது 'ஜென்தீலே ப்ரொஃபெஸ்ஸோரெஸ்ஸா' என்று தொடங்கி 'கோர்தியாலி ஸலூத்தி' என்று முடியுங்கள்.

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. பெருஜாவின் செலி, சியெனாவின் சில்ஸ் இரண்டும் எங்கும் செல்லும். இத்தாலிய வழிப் பாடத்தில் சேரப் பொதுவாக பி2 கேட்பார்கள். நீண்டகாலத் தங்கும் அனுமதிக்கு ஏ2 போதும். 2018 முதல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க பி1 வேண்டும்.

மொழி மையத்துக்குப் போகும்போது "வொர்ரேய்" என்று தொடங்குங்கள். வேண்டும் என்று நேராகக் கேட்காமல், கிடைத்தால் நல்லது என்று பணிவாகக் கேட்பது அது. வொர்ரேய் இஸ்க்ரீவெர்மி அல் கோர்ஸோ பி1. இந்த வகுப்பில் சேர விரும்புகிறேன். எதிரே இருப்பவர் "தீக்கா" என்றதும் இதைச் சொல்லுங்கள்.