பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குச் சரியான விலை வருகிறதா என்று பார்ப்பது எப்படி?

அரசு அறிவித்த விலை ஒன்று, கைக்கு வரும் பணம் வேறு. பால் ஊற்றுகிற எல்லோருக்கும் இந்தக் குறை உண்டு. ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய், எருமைப்பாலுக்கு 44 என்று ஆனது, 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். ஆனால் அந்த 35 ரூபாய் எல்லாப் பாலுக்கும் அல்ல, குறிப்பிட்ட அளவு கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான மற்ற திடப்பொருள்) உள்ள பாலுக்கு. அது குறைந்தால் விலையும் இறங்கும்.

அதனால் ரசீதில் ரூபாயைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். நோட்டில் லிட்டரை மட்டும் குறித்துக் கொடுக்கிறார்களா? விடாதீர்கள், அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். சங்கத்தின் விலைப் பட்டியலையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டிலேயே ஒத்துப் பார்க்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். பால் சற்று நேரம் நின்றாலே கொழுப்பு மேலே வந்துவிடும், நன்றாகக் கலக்கிய பிறகுதான் மாதிரி எடுக்கச் சொல்ல வேண்டும். லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) போட்டுப் பார்க்கும் இடமென்றால் பாலின் சூட்டையும் கணக்கில் சேர்க்கிறார்களா என்று பாருங்கள், ஏனென்றால் கறந்த சூட்டில் அந்தக் கருவி அடர்த்தியைக் குறைத்துத்தான் காட்டும், அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும்.

எடை போடுகிறார்களா, லிட்டரில் அளக்கிறார்களா? ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ. பத்து கிலோ என்றால் 9.7 லிட்டர்தான், அதற்குக் கீழே குறித்திருந்தால் கேளுங்கள். தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், கன்றுக்கு முதலில் வரும் பாலை விடுங்கள். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதைக் கன்று குடித்துவிட்டால் உங்கள் கேனில் எண் இறங்கிவிடும்.

தனியார் பண்ணைக்கு ஊற்றுபவர்களை இந்த அரசு விலை காப்பாற்றாது. அது ஆவினுக்கு மட்டும், தனியார் தங்கள் விலையைத் தாங்களே வைக்கிறார்கள், வரத்து கூடும் மாதங்களில் குறைத்தாலும் கேட்க வழியில்லை. இப்படி விட்டுவைத்திருப்பது நியாயமே இல்லை.

சங்கத்தில் கேட்டும் சரியாகவில்லையென்றால் ரசீதுகளின் நகலோடு மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தின் பொது மேலாளருக்கு எழுதுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.