இன் ட்ரபிளா, இன் டேஞ்சரா, அட் ரிஸ்க்கா? எதை எங்க போடுறது

என் ஃப்ரெண்ட் ஒருத்தன், அவங்க அப்பா ஐசியூல இருந்தப்ப, ஆபீஸ் குரூப்ல "மை ஃபாதர் இஸ் வெரி டேஞ்சரஸ்"னு மெசேஜ் போட்டுட்டான். அவன் சொல்ல வந்தது அப்பா நிலைமை மோசம்னு, ஆனா அதுக்கு அர்த்தம் எங்க அப்பா பொல்லாதவர், கிட்ட போகாதீங்கன்னு ஆயிடுது. டேஞ்சரஸ்னா அந்த ஆளால மத்தவங்களுக்கு ஆபத்து, இன் டேஞ்சர்னா அந்த ஆளுக்கே ஆபத்து. அவன் எழுதியிருக்க வேண்டியது "மை ஃபாதர்ஸ் கண்டிஷன் இஸ் கிரிட்டிக்கல்". வெறுமனே "ஹி இஸ் கிரிட்டிக்கல்"னு விட்டாலும் சில இடத்துல எல்லாத்துலயும் குறை சொல்ற ஆளுன்னு எடுத்துக்குவாங்க, அதனால கண்டிஷன்ங்கிற வார்த்தைய விடாதீங்க. கண்டம் தாண்டிட்டா "ஹி இஸ் அவுட் ஆஃப் டேஞ்சர்".

இதே குழப்பம்தான் டிஃபிகல்ட்லயும். எனக்கு கஷ்டமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு "ஐ ஆம் டிஃபிகல்ட்"னு சொன்னா, என்னோட காலம் தள்றது கஷ்டம்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். "இட்ஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ"ன்னு சொல்லுங்க.

அடுத்து ட்ரபிள், இதுலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. "இன் ட்ரபிள்"னா நம்ம பாஷையில மாட்டிக்கிட்டான், அதாவது ஏதோ தப்பு பண்ணி வாங்கிக் கட்டிக்கப் போறான், இல்ல வசமா சிக்கல்ல இருக்கான். சிஸ்டம்ல லாகின் ஆகல, அவ்ளோதான் விஷயம், அதுக்குப் போய் மேனேஜருக்கு "ஐ ஆம் இன் ட்ரபிள்"னு மெயில் போட்டா அவர் பதறிடுவார். "ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் லாகிங் இன்" போதும். ஹேவ் ட்ரபிள் வந்தா பின்னாடி வர்ற வினைச்சொல் இங்-ல முடியணும், ட்ரபிள் ஸ்லீப்பிங், ட்ரபிள் ப்ரீதிங், "டு ஸ்லீப்"னு போடக்கூடாது. இந்த அர்த்தத்துல "எ ட்ரபிள்"னும் வராது, எண்ணிச் சொல்லணும்னா "எ ப்ராப்ளம்"னு மாத்திக்கங்க.

அட் ரிஸ்க், இன்னும் எதுவும் நடக்கல ஆனா நடக்க வாய்ப்பிருக்கு. "ஹி இஸ் அட் ரிஸ்க் ஆஃப் லூசிங் ஹிஸ் ஜாப்", இங்க "இன் ரிஸ்க்" கிடையாது. வேலை, ஒப்பந்தம், பேரு இதெல்லாம் கைய விட்டுப் போற நிலைமைன்னா இன் ஜெப்பர்டியும் சொல்லலாம், கொஞ்சம் எழுத்து நடை. பெரில்னாலும் ஆபத்துதான், ஆனா பேச்சுல வேண்டாம், கதை வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஹசார்டும் ரிஸ்க்கும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. படிக்கட்டுல தண்ணி கொட்டிக் கிடக்கு, அந்த ஈரம் ஹசார்ட். அதுல ஒருத்தர் வழுக்கி விழ எவ்ளோ வாய்ப்பு, விழுந்தா எவ்ளோ அடி படும், அது ரிஸ்க். யாருமே போகாத படின்னா ஹசார்ட் அப்படியேதான் இருக்கு, ரிஸ்க்தான் குறைவு.

மெஷின்ல ஒட்டியிருக்கிற பலகையையும் இதே கண்ணோட பாருங்க. அமெரிக்க தர விதிப்படி டேஞ்சர்னு இருந்தா, மீறினா உயிர் போகும் இல்ல பலத்த காயம் நிச்சயம். வார்னிங்னா அதே விளைவு வரலாம், காஷன்னா சின்ன காயம் இல்ல நடுத்தர காயம் வரலாம். நம்ம மூணையும் "எச்சரிக்கை"ன்னு ஒரே மாதிரி படிச்சுட்டுப் போயிடுறோம்.

கப்பல்லயும் விமானத்துலயும் இந்த வித்தியாசம் இன்னும் கறார். உயிருக்கே உடனடி ஆபத்து, அதாவது இன் டிஸ்ட்ரெஸ்னா மேடேன்னு ரேடியோவுல மூணு தடவ சொல்லணும், சீக்கிரம் உதவி வேணும் ஆனா உடனடியா உயிருக்கு ஆபத்தில்லன்னா பான்-பான், அதையும் மூணு தடவ.

எதைப் போடுறதுன்னு சந்தேகம் வந்தா, ஆபத்து யாருக்கு, யாரால, ஏற்கனவே வந்துடுச்சா இல்ல இனிமேதான் வரப்போகுதான்னு தமிழ்லயே ஒருதடவ கேட்டுக்கங்க, அப்புறம் அந்த வார்த்தைய எடுங்க.