வீட்டிலேயே ஈய ஜிக் வார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை கொடுத்து வாங்கிய ஜிக், அதாவது ஈயத் தலை வார்த்த தூண்டில் முள், முதல் வீச்சிலேயே பாறையிடுக்கில் சிக்கி, தூண்டில் நரம்பு அறுந்து போகும்போது, இதை நாமே வார்த்துக்கொண்டால் என்ன என்று நினைக்காத தூண்டில்காரர் அரிது. காயலான் கடையில் வாங்கிய ஈயம், ஓர் அலுமினிய அச்சு, கழுத்து வளைந்த ஜிக் முட்கள், ஓர் அடுப்பு ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் வேலை மிக எளிதாகத் தோன்றும். அந்த எளிமையை நம்பித்தான் பலரும் சமையலறை அடுப்பிலேயே கரண்டியை ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படிச் செய்பவர்களிடம் கேட்டால், "பாட்டி காலத்தில் ஈயச் சொம்பில் ரசம் வைக்கவில்லையா?" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. தூண்டிலுக்கு எடையாகப் பயன்படுவது காரீயம். பேச்சு வழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொன்னாலும் இவை வெவ்வேறு உலோகங்கள். காரீயம் மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும் நஞ்சு. சிறு குழந்தைகளுக்கு அதன் கேடு இன்னும் அதிகம். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு காரீயத்துக்கு எதுவும் இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எனவே ஒருமுறை ஈயம் உருக்கிய பாத்திரமும் கரண்டியும் மீண்டும் சமையலுக்குத் திரும்பவே கூடாது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் கூடாது.

புகையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் தூசியைக் கண்டுகொள்வதில்லை என்பது அடுத்த தவறு. ஜிக் வார்க்கத் தேவையான வெப்பத்தில், அதாவது ஏறத்தாழ 400 டிகிரியில், ஈயம் ஆவியாவது குறைவு. கண்ணில் படும் புகையில் பெரும்பகுதி பழைய உலோகத்தில் ஒட்டியிருந்த எண்ணெயும் அழுக்கும் எரிவதால் வருவதே. காற்றோட்டம் கட்டாயம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் வீட்டுக்குள் நஞ்சைக் கொண்டுவருவது பெரும்பாலும் உருகிய ஈயத்தின் மேல் படரும் சாம்பல் நிறக் கசடுதான். வழித்தெடுத்த கசடைத் தரையில் தட்டிவிட்டு, பிறகு துடைப்பத்தால் பெருக்கினால் அந்த நுண்தூள் காற்றில் எழும்பி, கைலியிலும் தலைமுடியிலும் படிந்து, பிள்ளையைத் தூக்கும்போது பிள்ளையின் மேலும் ஒட்டிக்கொள்ளும். கசடை மூடியுள்ள தகர டப்பாவில் நேராகப் போட்டு மூட வேண்டும். வேலை செய்த இடத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடற்கரையில் சிறிய ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நிதானமாகச் சேரும் இந்த நஞ்சுக்கு நேர்மாறாக, தண்ணீர் ஒரு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. உருகிய ஈயத்தின் மேற்பரப்பில் விழும் ஒரு துளி சீறிவிட்டு மறைந்துவிடக்கூடும். அதே துளி ஈயத்துக்கு அடியில் சிக்கினால், மேலே உள்ள ஈயம் முழுவதும் வெளியே தெறிக்கும். தொடங்கிய புதிதில், இரவு முழுவதும் சிமெண்டுத் தரையில் கிடந்த ஈயக் கட்டி ஒன்றை, உலர்ந்திருப்பதாகவே எண்ணி, பாதி நிறைந்த சட்டியில் நழுவவிட்டேன். பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டடி உயரத்தில் இருந்த தகரக் கூரையில் வெள்ளிப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. செருப்புக்கு வெளியே இருந்த விரல் தப்பவில்லை. அன்றிலிருந்து, புதிய கட்டி எதுவானாலும் சட்டியின் விளிம்பில் வைத்துச் சூடேற்றி, ஈரம் போன பிறகே உள்ளே தள்ளுகிறேன். அகப்பைக்கும் முள்ளுக்கும் அச்சுக்கும் இதே விதிதான். மழைத் தூறல் உள்ள நாளில் மொட்டை மாடியில் அடுப்பை வைப்பதும், ஈர மணலில் குழி பறித்து வார்ப்பதும், ஜிப்சம் மாவில் செய்த அச்சை இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும் என்று நம்புவதும் ஆபத்தானவை. அந்த அச்சு தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பழைய கார் பேட்டரியை உடைப்பது மன்னிக்க முடியாத தவறு. கந்தக அமிலம் போதாதென்று, அதன் தகடுகளில் ஆண்டிமனி, ஆர்சனிக் போன்றவையும் கலந்திருக்கும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் உயிரைப் பறிக்கும் வாயுக்கள் கிளம்பக்கூடும். சக்கரங்களில் பொருத்தும் எடைக்கட்டிகள் அந்த அளவுக்குக் கொடியவை அல்ல. ஆனால் இப்போது அவற்றில் பல துத்தநாகத்தாலும் இரும்பாலும் ஆனவை. துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும், ஈயத்தைவிட இலேசானதும்கூட. ஆகவே வெப்பத்தை 400-க்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மிதக்கும். கரண்டியால் எடுத்து எறிந்துவிடலாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் துத்தநாகமும் கலந்து, ஈயம் கூழ்போலாகி, அச்சின் மெல்லிய இடங்களுக்குள் ஓடவே ஓடாது.

ஜிக்கின் தலையில் சுருக்கம் விழுவதும் கழுத்துப் பகுதி நிரம்பாமல் போவதும் ஈயத்தின் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அச்சு குளிர்ந்திருப்பதுதான். குளிர்ந்த அலுமினியத்தில் பட்டதும் ஈயம் ஓடி முடிப்பதற்குள் உறைந்துவிடும். முள்ளே வைக்காமல் ஏழெட்டு முறை வார்த்து, வந்ததை மீண்டும் சட்டியிலேயே போட்டால் அச்சு தானாகச் சூடாகும். அதன் உட்புறத்தில் மெழுகுவர்த்திப் புகையைப் படியவிட்டால் ஈயம் இன்னும் வழவழப்பாக ஓடும். அச்சை ஆறவைக்க நீரில் முக்கும் பழக்கம் அறவே வேண்டாம். முள் அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்றால் அச்சின் இரு பாதிகளும் முழுதாக மூடாது. இறுக்கிப் பிடித்து வார்த்தாலும் இடைவெளியில் ஈயம் கசிந்து பிசிறு நிற்கும். அந்தப் பிசிறை அரத்தால் ராவும்போது பறப்பதும் ஈயத் தூள்தான்; எனவே ராவுவதைவிட, இடுக்கியால் கிள்ளிவிட்டு, தேறாததைத் திரும்ப உருக்குவது நல்லது.

காரீயமே வேண்டாம் என்று பிஸ்மத்–வெள்ளீயக் கலவைக்கு மாறுபவர்களும் இருக்கிறார்கள். நீர்ப்பறவைகள் ஈயத்தை விழுங்கி இறப்பதால், 28 கிராமுக்கு உட்பட்ட பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளை பிரிட்டன் 1987-லேயே தடை செய்தது. இந்த மாற்றத்திலும் ஒரு தவறு காத்திருக்கிறது. ஜிக் தலையில் வண்ணத்துக்காக ஏற்றும் பவுடர் பூச்சைக் கெட்டிப்படுத்த ஏறத்தாழ 175 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். பரவலாகக் கிடைக்கும் பிஸ்மத்–வெள்ளீயக் கலவையோ 138 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயத் தலைக்குப் பழகிய கையோடு இந்தத் தலைகளையும் அதே சூட்டில் அடுக்கிவிட்டால், சூட்டடுப்பைத் (ஓவன்) திறக்கும்போது தட்டில் வண்ணக் குட்டைகளும் அவற்றின் நடுவே வெறும் முட்களுமே மிஞ்சும்.