சீலிங் லைட் மாட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு வீட்டில், வேலை கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன் ஹாலில் பேனல் லைட் மாட்டிக்கொண்டிருந்தான். சுவிட்சைத் தட்டினான், எரிந்தது. மறுபடி தட்டினான், அணைந்தது. டெஸ்டரை (கரண்ட் இருந்தால் உள்ளே சின்ன விளக்கு எரியும் ஸ்க்ரூடிரைவர்) சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டான். "எரியுது, நிக்குது. அப்புறம் என்ன அண்ணே?" என்றான். இருபது வருடங்களுக்கு முன் நானும் என் மேஸ்திரியிடம் இதையேதான் சொன்னேன்.

ஈரக் கையோடு தொடாதே, செருப்பு போட்டுக்கொள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

நியூட்ரலை சுவிட்சில் கொடுப்பது

சுவிட்சுக்குப் பேஸ் வயர்தான், அதாவது கரண்ட் வருகிற வயர்தான், போக வேண்டும். கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விட வேண்டும். இதை மாற்றிக் கொடுத்தாலும் விளக்கு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும். மீட்டர் வைத்தால் 230 வோல்ட் காட்டும். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதும் ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். விளக்கு அணைந்துதானே இருக்கிறது என்று நம்பி, பல்பு மாற்ற ஏறுகிறவர் கை வைக்கிறார். அவர் அலுமினிய ஏணியில் நின்றால், இன்னொரு கை ஈரச் சுவரில் இருந்தால், அவர் வழியாகவே கரண்ட் தரைக்கு இறங்கும்.

எனக்கும் அதுதான் நடந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரைத் திறந்தேன். ஷாக்கை விட விழுந்ததில்தான் அடி அதிகம். மணிக்கட்டில் மூன்று வாரம் மாவுக்கட்டு. அந்த இணைப்பை அதற்கு முந்தின மாதம் கொடுத்தவனும் நானே என்பதை மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொல்லிக் காட்டினார்.

ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலும் வயர் நிறத்தில் சோம்பேறித்தனம். பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலத்தில் ஒன்று, நியூட்ரலுக்குக் கறுப்பு, கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த்துக்குப் பச்சை என்று எல்லோருக்கும் தெரியும். சிவப்பு வயர்ச் சுருள் தீர்ந்துவிட்டால் கடைக்குப் போகாமல் கறுப்பையே இரண்டுக்கும் இழுத்துவிடுவார்கள். பைப்புக்குள் போனபின் எது எதுவென்று இழுத்தவனுக்கே நினைவிருக்காது.

ஒரு புது வீட்டில், லைட்டை அணைத்தாலும் இரவில் மினுக்மினுக்கென்று எரிகிறது என்று கூப்பிட்டார்கள். எல்இடியில், நியூட்ரல் சுவிட்சில் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு அறிகுறி. (இண்டிகேட்டர் உள்ள சுவிட்சாலும் இப்படி ஆகும், டெஸ்டர் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.) போர்டைத் திறந்தால் அதேதான், நியூட்ரல் சுவிட்சில். போர்டிலேயே இரண்டையும் மாற்றிப் போட்டால் பத்து நிமிட வேலை. ஆனால் ஹால் விளக்கிலிருந்து பூஜை அறைக்கு மேலேயே ஒரு லூப் (கிளை இணைப்பு) எடுத்து, அந்த ஜாயிண்டை பால்ஸ் சீலிங்குக்குள் மூடியிருந்தார்கள். அதையும் பிரித்து மாற்ற வேண்டியிருந்தது. பெயிண்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகாத ஜிப்சத்தை இரண்டு இடத்தில் அறுத்தேன். செலவு வீட்டுக்காரர் தலையில். முதலில் வேலை செய்தவரோ, "எரியுதுல்ல?" என்று போனிலேயே முடித்துக்கொண்டார். இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

சோதிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு விளக்கை மாட்டும் முன், சுவிட்ச் ஆஃபில், இரண்டு முனையிலும் வையுங்கள். இரண்டிலும் எரியக் கூடாது. சுவிட்சைப் போட்டால் ஒன்றில் மட்டும் எரிய வேண்டும். ஆஃபிலேயே எரிந்தால் இறங்கிவந்து போர்டைத் திறங்கள்.

மெயினை இறக்கினால் போதும் என்று நினைப்பது

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் போதாது. மெயினை இறக்கியதும், மின்வெட்டு என்று நினைத்து இன்வெர்ட்டர் அதே லைட் லைனுக்கு 230 வோல்ட் கொடுக்க ஆரம்பிக்கும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு வாட்டியபோது ஏராளமான வீடுகளில் இன்வெர்ட்டரைப் பிற்பாடு சேர்த்தார்கள். எந்த விளக்கு அதில் ஓடுகிறது என்று வீட்டுக்காரருக்கே பல நேரம் தெரியாது. முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், அப்புறம் மெயின், அப்புறமும் டெஸ்டர்.

பச்சை வயரை மடக்கி உள்ளே தள்ளுவது

உலோக உடல் உள்ள விளக்கு என்றால் எர்த் கட்டாயம். அந்த இடத்துக்கு எர்த் வயரே வரவில்லையா? உலோக விளக்கை விட்டுவிட்டு, எர்த் தேவைப்படாத பிளாஸ்டிக் உடல் விளக்கை வாங்குங்கள்.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்

வயர்களை இறுக்கிச் சேர்க்கும் கனெக்டர் போடுங்கள்.

சரவிளக்கை பால்ஸ் சீலிங்கில் தொங்கவிடுவது

ஜிப்சம் போர்டின் தடிமன் அரை இஞ்சுதான். மேலே கான்கிரீட்டில் கொக்கி அடித்து அதில் தொங்கவிடுங்கள். எடையை வயர் தாங்கக் கூடாது.